காயம் படாமல் விழுந்த தழும்பு

"உன்னாலதான்டா அம்மாவுக்கு இப்படி ஆச்சு."

இதை நான் என் தம்பியிடம் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரி நடைபாதையில், இரும்பு நாற்காலி வரிசையின் ஓரத்தில் நின்றுகொண்டு சொன்னேன். பாமாயில் ஆலையில் செம்பனை லாரியை இறக்கிப் போட்டுவிட்டு நேராக வந்திருந்தான். அவன் பூட்ஸில் மண் இன்னும் காயவில்லை. பதில் பேசாமல் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் வண்டியிலிருந்து அம்மாவின் போர்வையை எடுத்துவந்து நர்ஸிடம் கொடுத்துவிட்டு, என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வீட்டில் ஒரு சண்டை. ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறியபோது கிடைத்த பணத்தையும் அம்மாவின் சேமநிதியையும் போட்டு வாங்கிய தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடு அது. அந்த வீட்டை வைத்துக் கடன் வாங்கி, சொந்தமாக ஒரு லாரி எடுக்கவேண்டும் என்று தம்பி கேட்டான். அம்மா முடியாது என்றார். குரல் உயர்ந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு அவன் எழுந்து போனான். அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. புதன்கிழமை காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவரின் வலது கையிலிருந்து கோப்பை நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் இறங்கியது, பேச்சு குழறியது. பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்துவிட்டு ஓடிவந்தார். கால் மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, "ஒண்ணுமில்ல, கை மரத்துப் போச்சு" என்று அம்மாவே சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஆனாலும் அந்த அக்கா விடவில்லை. கார் வைத்து ஈப்போவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மூளைக்குப் போகும் ரத்தம் சிறிது நேரம் அடைபட்டுத் திறந்திருக்கிறது, சிறு பக்கவாதம், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஞாயிறு சண்டை, புதன் பக்கவாதம். நான் கணக்குப் போட்டேன், விடை தம்பி என்று வந்தது. அதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்லியும் விட்டேன்.

அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பெரட்டு மணி

வார்டில் இரண்டாவது நாள், ஒரு மலாய் நர்ஸ் என் இரண்டு விரல்களைப் பிடித்து அம்மாவின் மணிக்கட்டில் வைத்தார். "ராசா," என்றார். தொட்டுப் பார் என்று மலாயில். நான் தொட்டேன். முதலில் இரண்டு துடிப்பு அடுத்தடுத்து வந்தது. பிறகு ஒரு நீண்ட இடைவெளி. அப்புறம் ஒரு பலமான துடிப்பு, அதன் காலடியிலேயே மெலிதாக ஒன்று, அப்புறம் மூன்று அவசரமாக. அடுத்தது எப்போது வரும் என்று என்னால் ஊகிக்கவே முடியவில்லை. மேளக்காரர் ஓர் அடியைத் தவறவிட்டால் நமக்குத் தெரியும், ஏனென்றால் தாளம் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே தவறவிடுவதற்குத் தாளமே இல்லை. ஒரு நிமிடம் முழுக்க அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். 71 வருடம் இந்தக் கைக்குள் ஓடிய ஒன்றை அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தொட்டுப் பார்க்கிறேன் என்று தோன்றியது.

இதற்குப் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். ஏஎஃப் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். இதயத்தின் வலது மேலறையின் உச்சியில் ஒரு சிறிய திசுத் திரள் இருக்கிறது, சைனஸ் முடிச்சு. 1907இல் இங்கிலாந்தில் ஆர்தர் கீத்தும், அப்போது மருத்துவ மாணவராக இருந்த மார்ட்டின் ஃப்ளாக்கும் அதை விவரித்து எழுதினார்கள். ஃப்ளாக் அதை முதலில் பார்த்தது ஓர் அகழெலியின் இதயத்தில். எங்கள் தோட்டத்தில் விடியற்காலையில் மேற்பார்வையாளரான மண்டோர் ஒரு தண்டவாளத் துண்டைத் தட்டுவார். அந்தச் சத்தத்துக்கு லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், விளக்கு எரியும், எல்லோரும் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்பார்கள், அங்கிருந்து அவரவர் மர வரிசைக்கு, நிரைக்கு, பிரிவார்கள். சைனஸ் முடிச்சு அந்த மணி. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை தட்டுகிறது. அந்தச் செய்தி மேலறைகள் முழுக்கப் பரவி, நடுவில் இருக்கும் இன்னொரு முடிச்சைக் கடந்து, கீழறைகளுக்கு இறங்குகிறது. ஏஎஃப் வந்துவிட்டால் மேலறைகளில் அந்த மணி எடுபடுவதில்லை. ஒவ்வொரு லயத்திலும் ஒருவர் தட்டை எடுத்துத் தட்டுவதுபோல, நிமிடத்துக்கு 350 முதல் 600 தடவை மின்சாரம் தாறுமாறாகச் சுற்றுகிறது. மேலறைகள் சுருங்குவதில்லை, வெறுமனே நடுங்குகின்றன. நடுவில் இருக்கும் முடிச்சு வாசற்காவலாளிபோல முடிந்தவரை தடுத்து, சிலவற்றை மட்டும் கீழே விடுகிறது. என் விரலுக்கு எட்டியது அப்படிக் கீழே விடப்பட்டவை.

மேலறை சுருங்காவிட்டால் அதில் ரத்தம் தேங்குகிறது. இடது மேலறையின் ஓரத்தில் விரல் நுனி மாதிரி ஒரு சிறிய பை தொங்குகிறது, வால்வு நோய் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் கட்டி உறைகிறது. அந்தக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மேலேறினால் பக்கவாதம். ஏஎஃப் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு. டாக்டர்கள் இதற்குப் புள்ளி போடுகிறார்கள். 65 வயதைத் தாண்டியதற்கு ஒன்று, பெண் என்பதற்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, ஏற்கெனவே சிறு பக்கவாதம் வந்ததற்கு இரண்டு. அம்மாவுக்கு மொத்தம் ஐந்து. ரத்தம் உறையாமல் இருக்க அன்றைக்கே மருந்து வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அம்மா கேட்ட கேள்வி

இதயத்தை ஒலியலையால் படம் பிடிக்கும் எக்கோ எடுத்தார்கள். அதைப் பார்த்த டாக்டர் இளம் பெண், நம் பிள்ளை, தமிழிலேயே பேசினார். சந்திப்பு அட்டையின் பின்புறம் நான்கு அறைகளை வரைந்து, இடது மேலறையைப் பேனாவால் இன்னும் பெரிதாகச் சுற்றிக் காட்டினார். "நாலு சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும் ஆன்ட்டி. உங்களுக்கு அஞ்சை நெருங்கிடுச்சு. சுவர் இழுத்துப் போயிருக்கு. இப்படி ஆகியிருந்தா உள்ளே தழும்பு விழுந்திருக்கும்."

அம்மா உடனே கேட்டார்: "எனக்கு ஹார்ட் அட்டாக்கே வந்ததில்லையேம்மா. காயம் படாம தழும்பு எப்படி விழும்?"

அதற்கு டாக்டர் ஏதோ சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை, காதில் விழவும் இல்லை. தம்பிமேல் கோபமாக இருந்தேன். ஆனால் அம்மாவின் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், மருத்துவம் படித்தவள் இல்லை. ஒரு மாணவன் இப்படிக் கேட்டுவிட்டு பதில் கிடைக்காமல் உட்கார்ந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. அந்த மாதிரிதான் இதுவும். பள்ளி விடுமுறையில் படிக்க ஆரம்பித்தேன். புரியாததை அந்த டாக்டரிடமே அடுத்த சந்திப்புகளில் கேட்டேன், அவர் பொறுமையாகச் சொன்னார்.

தழும்பில் இரண்டு வகை உண்டாம். மாரடைப்பு வந்தால் ஒரு பகுதித் தசை செத்துப்போகிறது. செத்த இடத்தை உடம்பு நார்த்திசுவால் அடைக்கிறது, ஓட்டுப் போட்ட மாதிரி. அம்மா நினைத்த தழும்பு அது. இன்னொரு வகையில் எதுவும் சாகவேண்டியதில்லை. இதயத் தசைக்குள் துடிக்கும் செல்கள் மட்டும் இல்லை, அவற்றுக்கு நடுவே ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்களும் குடியிருக்கின்றன. கொலாஜன் என்ற நாரை நெய்து, தசை பிரிந்துபோகாமல் கட்டி வைப்பது அவற்றின் வேலை. அளவோடு இருந்தால் நல்லது. ரத்த அழுத்தம் வருடக்கணக்கில் ஏறியே இருந்தால் இடது கீழறை தடித்து விறைத்துப்போகிறது. அதற்குள் ரத்தத்தைத் தள்ள மேலறை பாடுபடுகிறது, அதன் மெல்லிய சுவர் இழுபடுகிறது. இழுபடும் சுவரில் ஆஞ்சியோடென்சின், டிஜிஎஃப்-பீட்டா போன்ற ரசாயனச் செய்திகள் கிளம்புகின்றன. அவற்றைக் கேட்டு அந்த நெசவுச் செல்கள் முறுக்கேறி, தேவைக்குமேல் நார் நெய்ய ஆரம்பிக்கின்றன. வயது, நீரிழிவு, உடற்பருமன், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, வால்வுக் கோளாறு இவையும் அதே வேலையைச் செய்யும். இந்த நார் ஒரே இடத்தில் குவியாமல், தசைச் செல்களுக்கு நடுநடுவே மெல்லிசாகப் பரவுகிறது. வலிக்காது. யாருக்கும் தெரியாது.

இதனால் துடிப்பு எப்படிக் கெடுகிறது என்பதுதான் எனக்குப் புரிய நேரம் எடுத்தது. தசைச் செல்கள் ஒன்றோடொன்று கனெக்சின் என்ற புரதத்தாலான நுண்ணிய வாசல்களால் இணைந்திருக்கின்றன. மின்செய்தி இந்த வாசல்கள் வழியாகத்தான் போகும். தசைநார் ஓடும் திசையில் வேகமாகவும், குறுக்கே கொஞ்சம் மெதுவாகவும் பரவும். தோட்டத்தில் நிரைகளுக்கு நடுவே லாலாங் புல் மண்டினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். நிரையோடு நேராக நடக்கலாம், ஆனால் இந்த நிரையிலிருந்து அடுத்த நிரைக்குக் குறுக்கே தாண்ட முடியாது. சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். மேலறையில் கொலாஜன் செய்வது அதுதான். குறுக்கு வாசல்கள் அடைபட்டு, செய்தி வளைந்து வளைந்து, தாமதமாகப் போகிறது. அது சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பும்போது, அங்கிருந்த தசை ஓய்வு முடிந்து அடுத்த செய்திக்குத் தயாராகிவிட்டிருக்கும். வந்த செய்தியை அது மறுபடி எடுத்துக்கொள்கிறது, மறுபடி சுற்றுகிறது. அணையவேண்டிய அலை அணையாமல் வட்டமடிக்கிறது. இப்படிச் சில வட்டங்கள் சேர்ந்தால், உச்சியில் தட்டும் மணி யாருக்கும் கேட்காது.

இது ஊகம் இல்லை. 1999இல் கனடாவின் மொன்றியலில் ஸ்டான்லி நாட்டெலின் குழு நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், இதயம் பலவீனப்பட்ட நாய்களின் மேலறைகளில் நார்த்திசு பரவியிருந்ததையும், அங்கங்கே மின்செய்தி தாமதமானதையும், ஒரு முறை தூண்டிவிட்ட ஏஎஃப் நெடுநேரம் நின்றதையும் காட்டினார்கள். அதற்கு முன் 1995இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் மோரிட்ஸ் அல்லெஸியின் குழு ஆடுகளில் கண்டது எனக்கு இன்னும் உறைத்தது. நல்ல இதயமுள்ள ஆட்டுக்கு ஏஎஃப் தூண்டினால் சில நொடிகளில் தானாக அடங்கிவிடும். அடங்க அடங்க ஒரு கருவியால் மறுபடி மறுபடி தூண்டிக்கொண்டே இருந்தார்கள். நாட்கள் போகப்போக அது அடங்க எடுத்த நேரம் நீண்டது, கடைசியில் தானாகவே நிலைத்துவிட்டது. ஏஎஃப் தனக்குத் தானே பாதை போட்டுக்கொள்கிறது. அந்த மாற்றம் ஆரம்பத்தில் வெறும் மின்சார அளவில்தான், தாளம் திரும்பினால் சில நாளில் அதுவும் திரும்பிவிடும். ஆனால் நீண்ட நாள் நீடித்தால் ஏஎஃப்பே இன்னும் தழும்பை வளர்க்கும். தழும்பு ஏஎஃப்பைக் கொண்டுவரும், ஏஎஃப் தழும்பைக் கூட்டும். ஒரு நோயாளியிடம் எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்வது டாக்டர்களுக்கே பல நேரம் கடினம்.

பிஸ்கட் தகரத்தில் இருந்த அட்டை

இவ்வளவு படித்தும் என் கணக்கு மாறவில்லை. தழும்பு இருந்தால் என்ன, கடைசியில் கிளப்பிவிட்டது அந்தச் சண்டைதானே என்றுதான் மனம் சொன்னது. மனதுக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது.

அடுத்த ஏப்ரலில் அம்மாவின் பிறப்புப் பத்திரத்தைத் தேடவேண்டியிருந்தது. அலமாரிக்குமேல் இருந்த பிஸ்கட் தகரத்தைத் திறந்தேன். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், எங்கள் தடுப்பூசி அட்டைகள், ஒரு வெள்ளைக்கல் மூக்குத்தி, அவற்றுக்கு அடியில் நான்காக மடித்த ஒரு சாம்பல் நிற அட்டை. மடிப்பில் கிழிந்த இடத்தை யாரோ செலோடேப் ஒட்டியிருந்தார்கள். அது மஞ்சளாகி, பட்டை மாதிரி உரிந்து வந்தது. மேல் மூலையில் ஒரு பழுப்பு நிறப் பெருவிரல் ரேகை. தொட்டால் லேசாக இழுத்தது. காய்ந்த பால், ரப்பர் பால். அதைத் தொட்டபோதே எனக்கு அது எந்தக் காலத்து அட்டை என்று தெரிந்துவிட்டது. உள்ளே தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸரின் நீல மைக் கையெழுத்தில் தேதிகளும் ரத்த அழுத்த எண்களும். 1994 மார்ச்: 170/100. ஏப்ரல்: 164/102. மே: 172/104. அதற்குக் கீழே வரிசை வரிசையாகக் கோடுகள். ஒன்றும் எழுதவில்லை. மே மாதத்துக்குப் பிறகு அம்மா போகவே இல்லை.

அட்டையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

"மாத்திரை கொடுத்தாங்களாம்மா?"

"கொடுத்தாங்க. ஒரு மாசம் போட்டேன். தலை சுத்துச்சு. மரத்தடியில குனிஞ்சு நிமிர முடியல. நிரை முடிக்கலைன்னா சம்பளம் குறைச்சிடுவாங்க. விட்டுட்டேன்."

"அதுக்கப்புறம் பார்க்கவே இல்லையா?"

"நீ அப்ப காலேஜ்ல இருந்தே. எனக்கு ஒண்ணும் பண்ணலையே. நல்லாத்தானே இருந்தேன்."

1994இல் எனக்கு இருபது வயது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தேன். மாதாமாதம் அம்மா எனக்குப் பணம் அனுப்பினார். அந்த வருடம் முதல் 2010 வாக்கில் தாமானுக்குப் பக்கத்து கிளினிக்கில் ரத்த அழுத்தம் இருப்பதாகச் சொல்லி மறுபடி மாத்திரை ஆரம்பிக்கும்வரை, ஏறத்தாழ பதினாறு வருடம், அம்மாவின் ரத்த அழுத்தத்தை யாரும் அளக்கவில்லை. நான் அளக்கவில்லை. கேட்கவும் இல்லை. அட்டையில் அந்த வெற்றுக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தழும்பு விழுந்தது அந்தக் கோடுகளில்.

அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு என் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்தார். நான் படித்ததையெல்லாம் அதற்குள் பலமுறை அவரிடம் சொல்லியிருந்தேன். "மரத்தை நாங்க தினம் ஒரு நூல் கனம்தான் சீவுவோம்," என்றார். "ஒரு நாளைக்குப் பார்த்தா ஒண்ணுமே தெரியாது. மாசத்துல ஓர் அங்குலம் இறங்கியிருக்கும். வருஷத்துல முழங்கைக்கு வந்துடும். காயமே படாமத்தான் பட்டை முழுக்கத் தீர்ந்துபோகும்." தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லிவிட்டார்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நன்றாகச் சீவத் தெரிந்தவர் உளியை உள்தோல்வரை விடமாட்டார். விடாதவரை மரம் புதுப் பட்டை கட்டிக்கொள்ளும், சில வருடம் கழித்து அதே இடத்தில் மறுபடி கோடு போடலாம். 1890களில் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தில் ரிட்லி கண்டுபிடித்து இந்த நாட்டுத் தோட்டங்களுக்கெல்லாம் பரப்பிய முறையின் சாரமே அதுதான். மேலறைச் சுவருக்கு அப்படிப் புதுப் பட்டை கிடையாது. பரவிய நாரைக் கரைத்து எடுக்க நம்பிக்கையான மருந்து இன்றைக்கும் இல்லை.

நெருப்பும் லாலாங்கும்

அட்டையைக் கண்ட பிறகுதான் அந்த டாக்டர் முன்பே சொன்ன ஒரு வாக்கியம் எனக்குள் இறங்கியது. மூன்று நாளில் மேலறை ஐந்து சென்டிமீட்டர் ஆகாது. அதற்கு வருடங்கள் வேண்டும். அப்புறம் பழைய விஷயங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அந்த வருடத் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோவிலுக்கு நடந்தபோது அம்மா மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். வயசாகிறது என்றோம். துணி காயப்போடும்போது "நெஞ்சுக்குள்ள கோழிக்குஞ்சு படபடன்னு அடிக்குது" என்று ஒருமுறை சொன்னார். வாய்வு என்றோம். ஏஎஃப் பலருக்கு வந்து வந்து போகும், சிலருக்கு எந்த அறிகுறியுமே தெரியாது. சண்டைக்கு எத்தனையோ மாதம் முன்பே அது அம்மாவுக்கு வந்து போய்க்கொண்டிருந்திருக்கலாம்.

நேர்மையாகச் சொல்லவேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. தழும்பு மட்டும் இருந்தால் போதாது, கிளப்பிவிட ஒரு பொறியும் வேண்டும். பிரான்சின் போர்தோவில் மிஷெல் ஹைசகேரின் குழு 1998இல் 45 நோயாளிகளை ஆராய்ந்து, அந்தப் பொறிகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைக் குழாய்களுக்குள்ளிருந்து கிளம்புகின்றன என்று காட்டியது. இன்றைக்கு அந்தக் குழாய்களின் வாயைச் சுற்றிச் சுட்டோ உறையவைத்தோ செய்யும் சிகிச்சை அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து வந்தது. கோபம், துக்கம், தூக்கமின்மை, குடி இவை அந்தப் பொறியைத் தட்டலாம். ஆகவே ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்கும் அம்மாவின் நெஞ்சுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் பச்சைப் புல்லில் பொறி விழுந்தால் அங்கேயே அணைந்துவிடும். இதே சண்டை அம்மாவின் நாற்பது வயதில் நடந்திருந்தால் நெஞ்சு நாலு தடவை படபடத்து அடங்கியிருக்கும். காய்ந்த லாலாங்காடு ஒன்று முப்பது வருடமாக வளர்ந்து நின்றது. நான் தீக்குச்சியைப் பிடித்துக்கொண்டு நீதான் நீதான் என்று கத்தினேன்.

சிகிச்சையில் எங்களுக்குக் கிடைத்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலறைத் தழும்பை எம்ஆர்ஐயில் சாயம் ஏற்றிப் படம் பிடித்து, சுவரில் எத்தனை சதவீதம் என்று நான்கு படிகளாகப் பிரிக்கும் முறை இருக்கிறது. 2014இல் வெளியான பல நாட்டு ஆய்வு ஒன்றில், சூடுபோடும் சிகிச்சைக்குப் பின் 325 நாளில், 10 சதவீதத்துக்கும் குறைவான தழும்பு உள்ளவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கும், 30 சதவீதத்துக்கு மேல் உள்ளவர்களில் பாதிப் பேருக்கும் துடிப்புக் கோளாறு திரும்பியது. சரி, அப்படியானால் தழும்பையே தேடிப்போய்ச் சுட்டால் என்ன என்று, 843 பேரை வைத்து அடுத்த ஆய்வு செய்தார்கள். 2022இல் முடிவு வந்தது: வழக்கமான சிகிச்சையைவிட அதனால் கூடுதல் பலன் இல்லை. விழுந்த தழும்பைத் துரத்துவதைவிட விழாமல் பார்ப்பதே வழி என்பதை இதைப் படித்தபோது முழுமனதாக ஒத்துக்கொண்டேன். 2023இன் தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் பத்துக்கு ஏறக்குறைய மூன்று பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் அளந்து பார்க்கலாம். வீட்டில் 65 வயதைத் தாண்டியவர் இருந்தால் அவர் மணிக்கட்டையும் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள், தயவுசெய்து. எடை குறைத்தவர்களுக்கும், குடியை நிறுத்தியவர்களுக்கும் ஏஎஃப் திரும்புவது குறைகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தோட்டங்களில் சம்சுச் சாராயம் எத்தனை குடும்பத்தைத் தின்றது என்று நமக்குத் தெரியும், நெஞ்சுக்குள்ளும் அது என்ன செய்தது என்று இப்போது தெரிகிறது. அம்மாவுக்கு டாக்டர் சூடுபோடும் வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின்.

எடைச் சீட்டு

அட்டையைக் கண்ட அந்த வாரச் சனிக்கிழமை, தம்பியைத் தேடிப் போனேன். ஆலைக்குப் பக்கத்தில் லாரிக்காரர்கள் சாப்பிடும் கடையில் இருந்தான். எட்டு மாதத்தில் நாங்கள் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. எதிரே உட்கார்ந்து அட்டையை மேசைமேல் வைத்தேன். எடுத்துப் பார்த்தான், பெருவிரல் ரேகை இருந்த இடத்தைத் தடவினான்.

அவன் சட்டைப் பையில் இருந்த செம்பனை எடைச் சீட்டை வாங்கி, அதன் பின்புறத்தில் டாக்டர் வரைந்ததுபோலவே நான்கு அறை வரைந்தேன். நார் எப்படிப் பரவும், செய்தி எப்படிச் சுற்றும், ஐந்து சென்டிமீட்டர் ஆக எத்தனை காலம் வேண்டும் எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பில் சொல்வதைவிட மோசமாகத்தான் சொன்னேன், குரல் நடுங்கியது. கடைசியில், "நான் சொன்னது தப்புடா. என்னை மன்னிச்சிடு," என்றேன்.

அவன் தே தாரிக் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். "அன்னைக்கு நான் சத்தம் போடாம இருந்திருந்தா வந்திருக்காதாக்கா?"

"அன்னைக்கு வராம இருந்திருக்கலாம். இன்னொரு நாளைக்கு வந்திருக்கும். அதைக் கிளப்ப ஒரு காய்ச்சல் போதும், ஒரு ராத்திரி தூக்கம் கெட்டாப் போதும்."

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "நான் ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான்கா வீட்டுக்குப் போறேன். அம்மா தூங்கினப்புறம். எனக்கு எதிர்ல உட்கார்ந்து பேசப் பயமா இருக்கு. கோபம் வந்து ஏதாவது ஆயிட்டா?"

எட்டு மாதம். ஒரே வீட்டில். நான் சொன்ன ஒரு வாக்கியத்தால்.

அந்தச் சீட்டை அவன் மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். எடை அலுவலகத்தில் திருப்பிக் கொடுக்கவேண்டியதாம், கொடுக்கவில்லை.

இப்போது வார்ஃபரினுக்கு, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் ஐஎன்ஆர் பரிசோதனை வரும் நாளெல்லாம் அவன்தான் அம்மாவைக் கூட்டிப்போகிறான். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருக்கவேண்டும் என்பது அவனுக்கு மனப்பாடம். முருங்கைக்கீரை சாப்பிடக்கூடாதோ என்று ஆரம்பத்தில் பயந்து மரத்தையே வெட்டிவிடப் பார்த்தான். கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கும்தான், ஆனால் நிறுத்தவேண்டியதில்லை, வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் அதற்கேற்ப மருந்தின் அளவை வைத்துக்கொள்ளலாம் என்று மருந்தாளர் சொன்னார். அதனால் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கிண்ணம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

போன ஞாயிறு நான் போனபோது அம்மா அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இவன் அவர் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தான். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"எழுபத்தெட்டு," என்றான் என்னைப் பார்த்து. "தாளம் இல்லை. ஆனா வேகம் சரியா இருக்குக்கா."

"கையை விடுடா," என்றார் அம்மா. "கீரை கருகுது."